பால்வாடிக்குப் பிள்ளையை விடும் முன் வீட்டில் பழக்க வேண்டியவை

பை, தண்ணீர் பாட்டில், புதுச்சட்டை எல்லாம் ஒரே சாயங்காலத்தில் டவுனுக்குப் போய் வாங்கிவிடலாம். தூக்கம், சோறு, கழிப்பறை, வாசலில் விடைபெறுவது ஆகிய நான்கையும் பழக்கத்தான் நான்கு வாரமாவது வேண்டும். ஜூனில் சேர்ப்பதென்றால் மே முதல் வாரம் தொடங்குங்கள். விஜயதசமிக்கு ஏடு தொடங்கிச் சேர்ப்பதென்றால் ஆவணி கடைசியில். அங்கன்வாடியோ தனியார் மழலையர் பள்ளியோ, வேலை ஒன்றுதான்.

தொடங்குவதற்கு முன் வீட்டுப் பெரியவர்கள் எல்லாரும் ஒருநாள் உட்கார்ந்து பேசிவிடுங்கள். நம் பக்கத்தில் அப்பா சென்னையிலோ மும்பையிலோ கடையில் இருப்பார், அம்மா பீடி சுற்றுவார், பிள்ளையைக் கொண்டுவிடுவது ஆச்சியாக இருக்கும். அம்மா ஒரு மாதிரியும் ஆச்சி ஒரு மாதிரியும் பழக்கினால் பிள்ளை யார் மடியில் ஒதுங்கலாம் என்று பார்க்குமே தவிர எதற்கும் பழகாது.

அன்றைக்கே இரண்டு பேச்சை வீட்டில் நிறுத்துங்கள். "சேட்டை பண்ணுனா பால்வாடில கொண்டு விட்டுருவேன்" என்பது ஒன்று. "டீச்சர்ட்ட சொல்லிருவேன்" என்பது இன்னொன்று. மூன்று வயதுப் பிள்ளை இதை விளையாட்டாக எடுக்காது. தண்டனைக்குப் போகிற இடம், அடிக்கிற ஆள் என்று மனதில் பதிந்துவிடும். பிறகு எந்த டீச்சர் கையை நீட்டினாலும் பின்னால்தான் போகும்.

பெயரைப் பழக்குவதையும் அன்றே தொடங்கலாம். "ராசா", "பாப்பா", "தம்பி" என்றே மூன்று வருடம் கூப்பிட்டிருப்போம். வருகைப் பதிவில் பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயரைக் கூப்பிட்டால், அது தன் பெயர் என்றே பிள்ளைக்குத் தெரியாது. திரும்பிப் பார்க்காத பிள்ளையைக் காது கேட்கவில்லையோ என்று நினைத்துவிடுகிறார்கள். தினம் பத்துத் தடவையாவது முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டு, திரும்பியதும் சிரித்துப் பேசுங்கள். இரண்டு வாரத்தில் பழகிவிடும்.

தொட்டிலிலிருந்து பாய்க்கு

பல வீடுகளில் கவனிக்காமல் விடுவது இதைத்தான். சேலைத் தொட்டிலில் ஆடிக்கொண்டே தூங்கிய பிள்ளையைப் பால்வாடி மையத்தில் மதியம் பாயில் படுக்கப் போடுவார்கள். ஆட்டம் நின்றால் அந்தப் பிள்ளைக்குத் தூக்கம் வராது. தூங்காத பிள்ளை இரண்டு மணிக்கு மேல் சிணுங்கும், பக்கத்துப் பிள்ளையைக் கடிக்கும், நான்கு மணிக்கு ஆச்சியைப் பார்த்ததும் ஓவென்று அழும். அதைப் பார்த்து "பிள்ளைக்கு அங்க பிடிக்கல" என்று வீடு முடிவு கட்டிவிடும்.

முதல் வாரம் தொட்டிலிலேயே தூங்கட்டும், ஆனால் ஆட்டும் வேகத்தைக் குறைத்து, கூடவே முதுகில் ஒரே தாளத்தில் தட்டிக்கொடுங்கள். இரண்டாவது வாரம் ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் தொட்டிலில் போட்டுத் தட்டிக்கொடுப்பது மட்டும். மூன்றாவது வாரம் பாய். பத்தமடைப் பாயோ சாதாரணக் கோரைப்பாயோ, மேலே அந்தத் தொட்டில் சேலையையே நாலாக மடித்து விரியுங்கள். நான்காவது வாரம் தட்டுவதையும் குறைத்து, பக்கத்தில் கையை மட்டும் வைத்திருந்தால் போதும். இரவுத் தூக்கத்தில் கைவைக்காதீர்கள். மதியத் தூக்கத்தை மட்டும் மாற்றுங்கள், அதுவும் மையத்தில் படுக்கவைக்கும் நேரத்துக்கே.

தொட்டில் சேலையில் ஒரு மீட்டர் வெட்டி விரிப்பாகக் கொடுத்துவிடுங்கள். முதல் நாளுக்கு முன்னால் அதைத் துவைக்க வேண்டாம், வீட்டு வாசனை அதில்தான் இருக்கும். பீடி சுற்றும்போது உடுத்திய சேலையை மட்டும் இதற்கு எடுக்கக்கூடாது. புகையிலைத் தூள் துணியில் ஏறியிருக்கும்.

மூன்று, நான்கு வயதில் பகலும் இரவும் சேர்த்துப் பத்து முதல் பதின்மூன்று மணி நேரத் தூக்கம் வேண்டும். காலை ஏழு மணிக்கு எழ வேண்டிய பிள்ளை இரவு ஒன்பதுக்குள் படுத்தாக வேண்டும். சீரியல் முடிந்து பத்தரைக்குப் படுத்தால் காலையில் எழுப்பும்போதே அழுகை தொடங்கிவிடும்.

தானாகச் சாப்பிடுவது

தமிழ்நாட்டில் 1982 ஜூலையில் சத்துணவுத் திட்டம் வந்ததிலிருந்து பால்வாடியில் மதியச் சோறு உண்டு. இப்போது கலவைச் சோறும் சில நாளில் அவித்த முட்டையும் கொடுக்கிறார்கள். ஆனால் இருபது பிள்ளைகள் இருக்கும் இடத்தில் ஆயா ஒவ்வொரு வாயாக ஊட்ட முடியாது. காக்கா காட்டி, தெருவெல்லாம் நடந்து, போனில் பாட்டுப் போட்டு ஊட்டிப் பழக்கிய பிள்ளை தட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும்.

தினமும் மதியம் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்குப் பிள்ளையைச் சம்மணம் போட்டு உட்காரவைத்து, முன்னால் தட்டை வையுங்கள். போன், டிவி அணைந்திருக்கட்டும். ரசஞ்சோற்றிலும் சொதிச் சோற்றிலும் தொடங்காதீர்கள். விரலிடுக்கில் வழிந்துவிடும், இரண்டு வாயில் பிள்ளை சலித்துவிடும். முதல் சில நாள் இட்லித் துண்டு. அடுத்து நன்றாகக் குழைந்த உளுந்தஞ்சோறு அல்லது நெய் விட்ட பருப்புச்சோறு, சிறு உருண்டைகளாகப் பிடித்துத் தட்டின் ஓரத்தில் வைத்தது. எடுத்து வாயில் போடுவது மட்டும் பிள்ளையின் வேலை. அது வந்தபின் உருட்டாமல் வையுங்கள், தானே அள்ளும். கடைசி வாரத்தில் சாம்பார்சோறு, தக்காளிச்சோறு என்று மாற்றிக் கொடுத்தால் மையத்துச் சோறு புதிதாகத் தெரியாது.

கீழே சிந்தத்தான் செய்யும். ஒரு பழைய நாளிதழை விரித்துவிட்டு விடுங்கள். இருபத்தைந்து நிமிடத்தில் தட்டை எடுத்துவிடலாம். மீதியை ஊட்டிவிட்டால், "கொஞ்ச நேரம் இருந்தா ஆச்சி ஊட்டுவா" என்று பிள்ளை புரிந்துகொள்ளும்.

முட்டை வீட்டில் ஒருமுறைகூடக் கொடுத்ததில்லை என்றால் முதல் முட்டை மையத்தில் வேண்டாம். வீட்டிலேயே கொஞ்சமாகக் கொடுத்து, தடிப்பு, வாந்தி ஏதும் வருகிறதா என்று பாருங்கள். மஞ்சள்கருவைச் சோற்றில் பிசைந்து கொடுங்கள், காய்ந்த மஞ்சள்கரு தொண்டையில் அடைக்கும். முட்டை சாப்பிடாத சைவ வீடு என்றால் சேர்க்கும்போதே சொல்லுங்கள். முழு நிலக்கடலை, முழுத் திராட்சை, கெட்டி மிட்டாய் இவற்றை நான்கு வயதுவரை பையில் வைக்கவே கூடாது. மூச்சுக்குழாயில் சிக்குகிற பண்டங்கள் இவை.

கழிப்பறை

வீட்டில் பிள்ளை என்ன சொல் சொல்லுமோ அது டீச்சருக்கும் ஆயாவுக்கும் தெரிய வேண்டும். "ஒண்ணுக்கு", "சூச்சூ", "உச்சா", ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று. சில பிள்ளைகள் சொல்லவே சொல்லாது, காலைக் குறுக்கிக்கொண்டு நிற்கும். அந்தச் சாடையையும் சொல்லிவையுங்கள்.

வீட்டில் ஒன்றரை மணிக்கு ஒருதரம் அழைத்துப் போய்ப் பழக்குங்கள். கால்சட்டை எலாஸ்டிக் வைத்ததாக இருக்கட்டும். ஜிப், கொக்கி, பெல்ட் எதுவும் அவசரத்துக்கு உதவாது. பின்பக்கம் பட்டன் வைத்த கவுனும் அப்படித்தான். சேர்க்கும் முன் ஒருநாள் மையத்துக் கழிப்பறைக்கே பிள்ளையைக் கூட்டிப்போய், கப்பில் தண்ணீர் மோந்து ஊற்றச் சொல்லுங்கள். இருட்டான, பழகாத கழிப்பறைக்குப் பயந்து நாள்முழுக்க அடக்கிவைத்து, வீட்டு வாசற்படியில் ஈரமாக்கிவிடும் பிள்ளைகள் உண்டு. அடக்கிப் பழகினால் மலச்சிக்கலும் நீர்க்கடுப்பும் வரும். இன்னும் முழுதாகப் பழகாத பிள்ளை என்றால் அதற்காக ஒரு வருடம் தள்ளிப்போட வேண்டியதில்லை. மூன்று ஜட்டி கூடுதலாக வைத்து அனுப்பினால் போதும்.

வாசலில்

"அவன் பாக்காதப்ப நைசா வந்துரு" என்று சொல்லாத பெரியவர் இல்லை. பிள்ளை அழாமல் இருக்கட்டுமே என்ற பாசத்தில் சொல்வதுதான். ஆனால் ஒளிந்து கிளம்பினால் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். பிள்ளை திரும்பிப் பார்க்கிறது, ஆச்சி இல்லை. அன்றிலிருந்து அதன் கண் கதவிலேயே இருக்கும். விளையாட்டுச் சாமானைத் தொடாது, படுத்தால் தூங்காது. வீட்டிலும் அம்மா குளிக்கப் போனால் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கும். ஐந்து நிமிட அழுகையை மிச்சம் பிடிக்கப்போய் அதை ஒரு மாதத்துக்கு வளர்த்துக்கொள்கிறோம்.

நம் ஊரில் "போறேன்" என்று சொல்ல மாட்டோம், "போயிட்டு வாரேன்" என்போம். பிள்ளைக்கும் அதையே சொல்லுங்கள். குனிந்து, அதன் முகத்தைப் பார்த்து, ஒரே வாக்கியம்: "சோறு தின்னு, தூங்கி எந்திச்சதும் ஆச்சி வந்துருவேன், போயிட்டு வாரேன்." நான்கு மணி என்றால் பிள்ளைக்குப் புரியாது, தூங்கி எழுந்ததும் என்றால் புரியும். சொன்னபின் ஒரு முத்தம், டீச்சர் கையில் கொடுத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். ஜன்னல் வழியாக எட்டிப்பார்க்க வேண்டாம். அழுகிறது என்று திரும்பி ஓடிவந்தால், இன்னும் உரக்க அழுதால் வருவார்கள் என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும். அந்த நேரத்தில் வெளியூரிலிருந்து அப்பா வீடியோவில் கூப்பிடுவதும் வேண்டாம். இரவு சாப்பாட்டுக்குப்பின் பேசட்டும்.

அதைவிட முக்கியம், சொன்ன நேரத்துக்குப் போய் நிற்பது. பீடிக் கடையில் கட்டுக் கொடுக்கும் நாளில் தாமதமாகும் என்று தெரிந்தால், அன்றைக்கு வேறு யார் வருவார் என்பதைக் காலையிலேயே பிள்ளையிடமும் டீச்சரிடமும் சொல்லிவிடுங்கள். கடையிலிருந்தோ பீடி சுற்றும் முறத்தடியிலிருந்தோ நேரே வருகிறவர்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத் தூக்குங்கள்.

முதல் ஆறு நாள்

பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று நல்ல காரியத்தைப் புதனில் தொடங்குவது வழக்கம். இதற்கும் புதன்தான் சரி. மூன்று நாள் போய்வந்ததும் சனி, ஞாயிறு வீட்டில் ஓய்வு கொடுக்கலாம். புதனன்று பெரியவர் ஒருவர் உள்ளேயே உட்கார்ந்து ஒரு மணி நேரம். வியாழன் திண்ணையில் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம். வெள்ளி, விடைபெற்று அரை மணி நேரம் வெளியே போய்விட்டு வருதல். திங்கள் மதியச் சாப்பாடு வரை, செவ்வாயும் அதே. மறு புதனிலிருந்து தூங்கி எழும் வரை. டீச்சர் ஒப்புக்கொண்டால் இப்படியே செய்யுங்கள். முதல் நாளே முழுநாள் விட்டுத்தான் ஆக வேண்டும் என்று ஒரு மையம் பிடிவாதம் பிடித்தால், முதல் வாரத்துக்காவது மதியம்வரை என்று கேட்டுப் பாருங்கள்.

டீச்சரிடம் அரைத்தாள் ஒன்று எழுதிக் கொடுங்கள். வீட்டுப் பெயர், கழிப்பறைச் சொல், ஒவ்வாத உணவு, முன்பு வலிப்பு, வீசிங் வந்திருந்தால் அது, பிள்ளையை அழைத்துப்போக உரிமையுள்ள இரண்டு பேரின் பெயர், போன் எண். இந்த இருவரைத் தவிர யாரிடமும் அனுப்பக்கூடாது என்று சேர்த்து எழுதுங்கள். சேர்க்கும்போது பிறப்புச் சான்றிதழும் தடுப்பூசி அட்டையும் கேட்பார்கள். அட்டையில் பதினாறு மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் இடையில் போட வேண்டிய தட்டம்மை ரூபெல்லா இரண்டாம் தவணை, முத்தடுப்பு ஊக்க ஊசி இரண்டும் விழுந்திருக்கிறதா பாருங்கள். விடுபட்டிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதலில் அதைப் போட்டுவிட்டு வாருங்கள்.

பையில் இரண்டு செட் துணி, ஈரத்துணிக்கு ஒரு பிளாஸ்டிக் கவர், துண்டு, விரிப்பு, பிள்ளை தானே திறக்கத் தெரிந்த மூடியுள்ள 300 அல்லது 400 மில்லி பாட்டில். ஐப்பசி, கார்த்திகையில் துணி காயாது, ஒரு செட் கூட்டிவையுங்கள். பெயர் எழுதினால் பிள்ளைக்குப் படிக்கத் தெரியாது. பை, துணி, துண்டு, விரிப்பு எல்லாவற்றிலும் ஒரே நிற நூலில் ஒரு பூத்தையல் போடுங்கள், தன்னுடையது எது என்று அதுவே கண்டுபிடிக்கும். சங்கிலி, மோதிரம், மணி கழன்ற கொலுசு, ஊக்கு எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும்.

பிறகு வருபவை

முதல் வாரம் சிரித்துக்கொண்டு போன பிள்ளை இரண்டாம் வாரம் அழும். இது தினமும் நடக்கப் போகிறது என்று அப்போதுதான் அதற்குப் புரிகிறது. நின்றுபோன படுக்கை நனைப்பது திரும்பும், மடியை விட்டு இறங்காது. இரண்டு மூன்று வாரத்தில் அடங்கிவிடும், இடையில் நிறுத்தாதீர்கள். மாலையில் "அழுதியா? யாரு அடிச்சா?" என்று விசாரிப்பதை விட்டு, "இன்னைக்கு என்ன சோறு போட்டாங்க, யாரு பக்கத்துல உக்காந்தா?" என்று கேளுங்கள்.

முதல் சில மாதம் சளி அடிக்கடி பிடிக்கும், புதுக் கூட்டத்தில் சேர்ந்த எல்லாப் பிள்ளைக்கும் வருவதுதான். காய்ச்சல் 100.4 டிகிரிக்கு மேல் இருந்தால் அனுப்ப வேண்டாம். மருந்து கொடுக்காமலே ஒருநாள் முழுதும் காய்ச்சல் இல்லை என்றபின் அனுப்புங்கள். அம்மை கண்ட பிள்ளைக்கு மூன்று தண்ணீர் ஊற்றியாயிற்று என்பது போதாது, எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டியிருக்க வேண்டும். காலையில் மாத்திரை கொடுத்துக் காய்ச்சலை மறைத்து அனுப்பினால் மதியம் அது ஏறும், அதற்குள் பக்கத்துப் பிள்ளைக்கும் ஒட்டியிருக்கும்.

மூன்று வாரத்துக்குப் பிறகும் பிள்ளை மையத்தில் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தாலோ, ஒரு குறிப்பிட்ட ஆளைக் கண்டு மட்டும் மிரண்டாலோ, காரணம் சொல்ல முடியாத காயம் இருந்தாலோ அது பழக்கக் குறைவு அல்ல. அன்றே போய் நேரில் கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் பிள்ளையை நிறுத்திவிட்டு, குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள்.

விஜயதசமிக்குச் சேர்த்த பிள்ளைக்கு அது நன்றாகப் பழகி வரும் நேரத்தில் தீபாவளி விடுமுறை வந்துவிடும், அடுத்து மழை விடுமுறை. வீட்டில் நான்கு நாள் இருந்தாலே பாதி மறந்துவிடும். விடுமுறை முடிந்த முதல் இரண்டு நாளும் மறுபடி மதியம்வரை மட்டும் விட்டு, மூன்றாம் நாள் முழுநேரத்துக்குக் கொண்டுவாருங்கள்.