சிறையில் இருக்கும் பெண்களுக்குத் துணை நிற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டில் புழல், வேலூர், திருச்சி, கோவை, மதுரை ஆகிய ஊர்களில் பெண்களுக்கென்று தனிச்சிறைகள் இருக்கின்றன. பொங்கல், தீபாவளி, கிறிஸ்துமஸ் நெருங்கினால் உதவி செய்ய வேண்டும் என்ற எண்ணம் பலருக்கு வருகிறது. இனிப்பு, சேலை கொடுத்துவிட்டு வந்தால் மனம் நிறைந்துவிடும். பெரும்பாலான தவறுகளுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. நிறைய வேண்டியது நம் மனம் அல்ல.

ஆண் சிறைக்குப் போனால் தாயோ மனைவியோ அவரைப் பார்க்க மனு போட்டுவிட்டு வாசலில் காத்திருப்பார்கள். பெண் போனால் பல வீடுகளில் கணவர் வருவதில்லை, பிறந்த வீடும் கதவைச் சாத்திக்கொள்கிறது. அப்படிப்பட்டவருக்குச் சொன்ன நாளில் வந்து நிற்கும் ஓர் ஆள்தான் பெரிய உதவி. இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் முடியும் என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். வாராவாரம் வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு நின்றுபோவது, வராமலே இருந்ததைவிட அதிகமாக வலிக்கும்.

"என்ன கேஸ்?" என்று கேட்காதீர்கள். மரியாதைக்காக மட்டும் சொல்லவில்லை. வழக்கறிஞரிடம் பேசுவதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, உங்களிடம் பேசுவதற்கு இல்லை. வழக்கு நடக்கும்போது ஆறுதல் தேடி அவர் சொல்வது நாளை உங்களையே சாட்சிக் கூண்டில் ஏற்றலாம். அவராக ஆரம்பித்தாலும் "இதை வக்கீலிடம் சொல்லுங்கம்மா" என்று அன்பாகத் திருப்பிவிடுங்கள்.

பக்தியோடு செல்கிறவர்களுக்கு ஒன்றைச் சற்று அழுத்தியே சொல்ல வேண்டும். சிறைக்குள் இருப்பவரால் பிடிக்காத பேச்சிலிருந்து எழுந்து போக முடியாது. சோப்பும் நாப்கினும் ஜெபக்கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு மட்டும் என்றால், அங்கே சொல்லப்படும் ஆமென் விசுவாசத்திலிருந்து வருவதல்ல. பஜனைக்கும் தொழுகைக்கும் இதே கணக்குதான். மணிமேகலை சிறைக்கோட்டத்துக்குள் போனபோது முதலில் செய்தது பசித்தவர்களுக்கு அமுதசுரபியிலிருந்து சோறு போட்டதுதான். அதன் பிறகே அரசனிடம் பேசி அந்த இடத்தை அறக்கோட்டமாக மாற்றினாள். பைபிள் கேட்டாலும் கந்த சஷ்டி கவசம் கேட்டாலும் குர்ஆன் கேட்டாலும் உங்கள் மதம் எதுவென்று பார்க்காமல் அலுவலகத்தின் வழியாக வாங்கிக் கொடுங்கள். வீட்டில் அடி உதை பட்டு வந்தவரிடம் "மன்னித்துவிடு, நிம்மதி கிடைக்கும்" என்று அவசரப்படுத்தாதீர்கள். "முன்வினை", "பாவத்தின் சம்பளம்" என்ற பேச்சு வேண்டவே வேண்டாம்.

பொருள் கொடுப்பதில் விதி கடுமையானது. கண்காணிப்பாளர் அனுமதி இல்லாமல் மாத்திரை, பணம், ஒரு துண்டுச் சீட்டு எதுவும் உள்ளேயும் போகக்கூடாது, வெளியேயும் வரக்கூடாது. 1894ஆம் ஆண்டுச் சிறைகள் சட்டத்தின் 42ஆம் பிரிவில் இது குற்றம். இரக்கப்பட்டு ஒரு கடிதத்தைக் கைப்பையில் எடுத்து வந்தால், உங்களோடு சேர்ந்து அவரும் மாட்டிக்கொள்வார். தெரிந்த ஒருவருக்கு மட்டும் நல்ல பொருளைக் கொடுப்பதும் அந்த பிளாக்கில் அவருக்குத் தொல்லையாகவே முடியும்.

என்ன வேண்டும் என்று கேட்காமல் தையல் மெஷினோடு போவது இன்னொரு பழக்கம். 1817இல் லண்டன் நியூகேட் சிறையில் சிறைச் சீர்திருத்தவாதி எலிசபெத் ஃப்ரை பெண்களுக்கான ஒழுங்குமுறைகளைக் கொண்டுவந்தபோது, ஒவ்வொன்றையும் வாசித்து, அந்தப் பெண்களே கை தூக்கி ஒப்புக்கொண்ட பிறகே நடைமுறைப்படுத்தினார். இங்கே புழலில் 2023 முதல் பெண் சிறைவாசிகள் பெட்ரோல் பங்க் நடத்துகிறார்கள். தையலைத் தாண்டி யோசிக்க இடமிருக்கிறது.

நல்ல மனம் இருந்தும் பலர் கோட்டைவிடும் இடம் சட்டம். பெண்களுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் தந்த உரிமை அது. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் இல்லாமல் உள்ளேயே கிடப்பவர்கள் உண்டு. ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் ஒருவர் வெளியே வரவில்லை என்றால், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் உத்தரவிட்டிருக்கிறது. அதே ஆண்டு வந்த மத்திய அரசுத் திட்டத்தில், தகுதியுள்ள ஏழை விசாரணைக் கைதியின் ஜாமீனுக்குப் பண உதவி கிடைக்க வழியுண்டு. இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாத விசாரணைக் கைதி, உச்சபட்சத் தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டால் பிணையில் விட வேண்டும் என்கிறது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவு. ஆயுள், மரண தண்டனைக்குரிய குற்றங்களுக்கும் வேறு வழக்குகள் நிலுவையில் இருப்பவர்களுக்கும் அது பொருந்தாது. ஆகவே அடுத்த முறை போகும்போது அவருடைய வாய்தா தேதியையும் வக்கீல் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பெட்டி இனிப்பைவிட அது உதவும். ஆனால் உணர்ச்சிவசப்பட்டு "நானே ஜாமீன் கையெழுத்துப் போடுகிறேன்" என்று சொல்லிவிடாதீர்கள். அவர் வாய்தாவுக்கு வராவிட்டால் பத்திரத் தொகைக்கு நீங்கள் பொறுப்பு. வீட்டில் கலந்து பேசிய பிறகு சொல்லுங்கள்.

ஆறு வயது வரை குழந்தை தாயோடு சிறையில் இருக்கலாம். அந்தக் குழந்தையின் உணவு, மருத்துவம், விளையாட்டு, படிப்பு பற்றி 2006இல் உச்ச நீதிமன்றம் விரிவாகவே வழிகாட்டியிருக்கிறது. எல்லோருக்கும் கண்ணில் படுவது இந்தக் குழந்தைகள்தான். பாட்டி வீட்டிலோ விடுதியிலோ இருக்கும் பெரிய பிள்ளைகளை யாரும் நினைப்பதில்லை. பள்ளிக் கட்டணம் கட்டுவது, மனு நாளில் பிள்ளையைக் கூட்டிவந்து காட்டுவது, இந்த இரண்டுக்கும் ஈடாக வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை. அம்மா எங்கே என்று பிள்ளையிடம் என்ன சொல்வது என்பதை அந்த அம்மாதான் முடிவு செய்ய வேண்டும். யாரையும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடாதீர்கள்; முகத்தை மறைத்தாலும் ஊர் கண்டுபிடித்துவிடும்.

கடைசியாக, விடுதலை நாள். உத்தரவு வந்து சேர்ந்து வெளியே வருவதற்குப் பல நேரம் பொழுது சாய்ந்துவிடும். கையில் பஸ் காசு இருக்காது, பழைய போன் எண் வேலை செய்யாது. தோழமை அதோடு முடிந்தது என்று நினைப்பதுதான் மிகப் பெரிய தவறு. சில வாரங்கள் முன்பே அவரிடம் கேளுங்கள்: முதல் இரவு எங்கே தங்குவார், ஆதார், ரேஷன் கார்டு யாரிடம் இருக்கின்றன, வீட்டார் ஏற்றுக்கொள்வார்களா? ஏற்க மாட்டார்கள் என்றால் 181 என்ற மகளிர் உதவி எண்ணிலோ மாவட்டச் சமூக நல அலுவலகத்திலோ தங்குமிடம் பற்றி முன்கூட்டியே பேசி வையுங்கள். வாசலில் அவரைக் கூட்டிப்போக ஒரு பெண் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.