கட்டார் விலையும் கல்முனை விலையும்

"நானா, கட்டாரில் இதே போன் எவ்வளவு மலிவு தெரியுமா?" என்று கேட்டபடிதான் பாதிப் பேர் என் கல்முனைக் கடைக்குள் வருகிறார்கள். சரி, ஒப்பிடுங்கள். ஆனால் முறையாக ஒப்பிடுங்கள்.

முதலில் வரியைப் பிரித்துப் பாருங்கள். கட்டாரில் வாட் (பெறுமதி சேர் வரி) கிடையாது, துபாயில் 5 வீதம், சவூதியில் 15. இங்கே இலங்கையில் 18, போனுக்கு அது 2024 ஜனவரியில்தான் வந்தது. அமெரிக்க இணையத்தளங்களில் காட்டும் விலையிலோ விற்பனை வரி சேர்ந்திருக்காது.

அடுத்தது டொலர். 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாய், மே மாதத்தில் சுமார் 360. போன் என்னவோ அதேதான்! அதனால் பழைய விலையையும் புது விலையையும் டொலருக்கு மாற்றிவிட்டுப் பாருங்கள்.

வெளிநாட்டிலிருந்து மச்சான் கொண்டுவருகிறார் என்றால் மாடல் எண்ணைக் கேளுங்கள். அமெரிக்காவில் விற்ற ஐபோன் 14இல் சிம் போட இடமே இல்லை, போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் இ-சிம் மட்டும்தான். வாரன்டி இங்கே செல்லுமா என்பதையும் விசாரியுங்கள். *#06# அடித்தால் வரும் ஐஎம்இஐ எண் (போனின் தனி அடையாள எண்) பெட்டியில் உள்ளதோடு பொருந்த வேண்டும்.

அவசரமில்லாவிட்டால், ஐபோனுக்குச் செப்டெம்பர் வரை பொறுங்கள். புது மாடல் வந்ததும் பழையதன் விலை இறங்கும். அன்ட்ராய்ட் போன்கள் பெரும்பாலும் அதைவிட வேகமாகவே இறங்கிவிடும்.