மாசியில் விற்று ஐப்பசியில் வாங்குவது: வன்னி வீடுகளின் சாப்பாட்டுச் செலவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாப்பாட்டுச் செலவு என்று பேச்சு வந்தால் உடனே தேங்காய் விலை, பால்மா விலை, ரின்மீன் விலை என்றுதான் கதை போகும். விலை ஏறியது உண்மை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்துக்குப் போனது. முந்தைய வருடம் 100 ரூபாய்க்கு வாங்கிய சாமானுக்குக் கிட்டத்தட்ட 195 ரூபாய் கொடுத்தோம். பிறகு ஏறும் வேகம் குறைந்ததே தவிர, விலைகள் பழைய இடத்துக்கு இறங்கி வரவில்லை. இதில் எங்களால் செய்யக்கூடியது கொஞ்சம்தான். ஆனால் வயல் உள்ள வீடுகளில் காசு ஒழுகும் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது, அது எங்கள் கையிலேயே இருக்கிறது. விளைந்ததை மலிந்த நேரத்தில் மொத்தமாக விற்றுவிட்டு, அதையே விலை ஏறிய நேரத்தில் கிலோ கிலோவாகத் திரும்ப வாங்குகிறோம்.

காலபோக நெல், அதாவது மாரி மழையோடு விதைக்கும் பெரும்போக நெல், மாசி, பங்குனியில் வெட்டுப்படும். காலையில் மெசின் வயலுக்குள் இறங்கும், மத்தியானம் வரம்படியில் வியாபாரியின் லொறி நிற்கும். காயாத நெல் அப்படியே சாக்குக்குள் போகும். தராசில் ஏற்றியதும் ஈரத்துக்கென்று ஒரு கழிவு, சாக்குக்கென்று இன்னொரு கழிவு. மிச்சக் காசில் உரக்கடைக் கடன், உழவு கூலி, மெசின் கூலி எல்லாம் அங்கேயே தீரும். வீட்டுக்கு வருவது இரண்டு மூன்று மூடை. ஆவணி தாண்டும்போது அதுவும் முடிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்து, அடுத்த விதைப்புச் செலவும் கழுத்தில் ஏறி, கூலி வேலையும் இல்லாத நேரத்தில்தான் கடை அரிசி தொடங்குகிறது.

கணக்காகவே பார்ப்போம். ஆளுக்கு வருடம் 100 கிலோவுக்குச் சற்றுக் கூட அரிசி என்று வைத்தால், ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 520 கிலோ. நெல்லைக் குத்தினால் நூற்றுக்கு அறுபத்தைந்து அரிசி தேறும் என்பது பொதுவான கணக்கு, ஆகவே 800 கிலோ நெல் வேண்டும். 2025 காலபோகத்துக்கு அரசு அறிவித்த உத்தரவாத விலை ‘நாட்டு’ வகை நெல்லுக்குக் கிலோ 120 ரூபாய். அதன்படி அந்த நெல் 96,000 ரூபாய். அதுவும் காய்ந்த நெல்லுக்கான விலை. ஈர நெல்லுக்கு வயலில் கிடைப்பது இதைவிடக் குறைவு. 2024 டிசம்பரில் நாட்டரிசிக்கு விதித்த கட்டுப்பாட்டு விலை கிலோ 230 ரூபாய். அந்த விலைக்கே 520 கிலோவை வாங்கினாலும் 119,600. இடையில் 23,600 ரூபாய் நிற்கிறது. அவிக்கிற விறகு, மில் கூலி, காய வைக்கிற உடம்பு நோ எல்லாவற்றையும் கழித்துவிட்டுத்தான் இலாபம் சொல்ல வேண்டும், மறைக்கவில்லை. ஆனால் தவிடும் குருணலும் வீட்டில் நிற்கும், கோழிக்குத் தீன் வாங்குவது குறையும். அதைவிட, கையில் காசில்லாத கார்த்திகையில் அரிசிக்காக ஒருவரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. எனக்கு அதுதான் பெரிய இலாபமாகத் தெரிகிறது.

கடன்காரன் வரம்பில் நிற்கும்போது நெல்லை எப்படி ஒதுக்குவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எல்லாக் கடனும் தீர்ந்து மிஞ்சுவது வீட்டுக்கு என்ற வரிசையைத்தான் மாற்ற வேண்டும். உரக்கடைக்காரரிடம் விதைக்கும்போதே சொல்லிவிடலாம்: சாப்பாட்டு நெல் போகத்தான் மிச்சம், ஒரு பங்கு அடுத்து வரும் சிறுபோகத்தில் தருவேன் என்று. சிலர் சம்மதிக்க மாட்டார்கள். சம்மதிப்பவர்களும் இருக்கிறார்கள், ஏனென்றால் அடுத்த போகத்துக்கும் நீங்கள் அவர்களிடம்தான் உரம் வாங்கப் போகிறீர்கள். முழு வருடத்துக்கும் முடியாவிட்டால் புரட்டாதி முதல் தை வரைக்குமான நெல்லையாவது ஒதுக்குங்கள். விலை கடிக்கும் மாதங்கள் அவை.

ஒதுக்கிய நெல் கெட்டுப்போனால் எல்லாம் வீண். ஈரம் 14 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும், வண்டும் வரும். ஈரமானி இல்லாத வீட்டில் பல்தான் மானி. கடித்தால் டக்கென்று உடைய வேண்டும், நசிந்தால் இன்னும் வெயில் வேண்டும். சாக்கைச் சீமெந்து நிலத்தில் நேராக வைக்காதீர்கள், கீழிருந்து ஈரம் ஏறும். பலகையோ மரக்கட்டையோ போட்டு, சுவரில் முட்டாமல் அடுக்குங்கள். இடையில் காய்ந்த வேப்பிலை போடுவது எங்கள் பெரியவர்களின் வழக்கம். எலிக்கு வேப்பிலை காணாது, அதற்குப் பூனைதான் வேண்டும்.

நெல்லுக்குச் சொன்னது உழுந்து, பயறு, கௌபி, கச்சான் எல்லாவற்றுக்கும் பொருந்தும். உழுந்துக்கு வவுனியா பேர்போன இடம். அங்கே விளைந்த உழுந்தை மூடையோடு ஏற்றி அனுப்பிவிட்டு, சித்திரையில் தோசைக்கு இருநூறு கிராம் பக்கற் வாங்குகிற வீடுகள் இருக்கின்றன. கறிக்கோ தினமும் மைசூர்ப் பருப்பு. அது கடல் தாண்டி, பெரும்பாலும் கனடாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் வருவது. டொலர் ஏறினால் அதுவும் ஏறும். கிழமையில் இரண்டு நாளாவது பருப்புக் கறியின் இடத்தில் பயறோ கௌபியோ வந்தால் என்ன குறை? நன்றாகக் காய வைத்து, காற்றுப் போகாத போத்தலில் மூடி வைத்தால் வண்டு விழாது.

அடுத்தது கடைக் கொப்பி, கடனுக்கு வாங்கும் சாமானை எழுதி வைக்கும் கொப்பி. நாட்கூலி வீட்டில் கொப்பி இல்லாமல் சீவிக்க முடியாது, அதனால் கொப்பியே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். தவறு அதைக் கடைக்காரரிடம் மட்டும் விட்டுவைப்பது. ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். சீனி அரைக்கிலோ, சவர்க்காரம் ஒன்று, பிஸ்கட் இரண்டு, போன் ரீலோட் 100, சோடா ஒன்று, ‘சில்லறை 340’. அந்தச் சில்லறை என்னவென்று மாதக் கடைசியில் ஒருவருக்கும் ஞாபகம் இருக்காது. பிள்ளையிடம் கொப்பியைக் கொடுத்து அனுப்பினால் ஒரு ரொபி கூட வரும், சரி, பிள்ளைதானே. ஆனால் விலை எழுதாமல் பொருளை மட்டும் எழுதி, கணக்குத் தீர்க்கும் நாள் விலையைப் போடும் கடைகள் இருக்கின்றன. அங்கேதான் கவனம். வாங்கும்போதே விலையையும் எழுதச் சொல்லுங்கள். வீட்டிலும் ஒரு கொப்பியில் அதே வரியை எழுதுங்கள். அரிசி, பருப்பு, எண்ணெய் மட்டும் கடனில், பிஸ்கட், சோடா, ரீலோட் கைக்காசில் என்று பிரித்துவிட்டால் பாதிப் பக்கம் தானாகக் காலியாகும்.

இதோடு சேர்ந்தது கிழமைக் கட்டுக்காசு. நுண்கடன் கட்டும் நாளுக்கு முதல்நாள் சமையல் காசு அதற்குள் போய்விடுகிறது, மறுநாள் கொப்பி நீளுகிறது. கடைக்காரர் வட்டி கேட்பதில்லை என்று நினைக்கிறோம். கடன் கொடுக்கும் கடையில் விலையே ஐந்து பத்து கூடத்தான் இருக்கும்.

சின்னப் பக்கற் பழக்கம் பற்றி எல்லோரும் சொல்வது பெரிதாக வாங்கு என்பது. தினம் உழைத்துத் தினம் சாப்பிடுகிறவருக்கு அந்தப் புத்திமதி உதவாது, ஐந்து கிலோ சீனிக்கு அவர் எங்கே போவார்? ஆனால் நான்கு வீடு சேர்ந்தால் முடியும். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் இல்லாத ஊர் வன்னியில் குறைவு. சீட்டுப் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு மூடை சீனியையும் ஒரு மூடை பருப்பையும் பிரிக்கத் தெரியாதா? கூட்டுறவுச் சங்கக்கடையிலும் அரசின் சதொசக் கடையிலும் விலை கேட்டுவிட்டு மொத்தக் கடைக்குப் போங்கள். இன்னொன்று, பெரிய பக்கற் எப்போதும் மலிவென்று நம்பிவிடாதீர்கள். போனில் கல்குலேட்டர் இருக்கிறது, விலையைக் கிராமால் பிரித்துப் பாருங்கள். சில நேரம் 400 கிராம் பக்கற் இரண்டு ஒரு பெரிய பெட்டியைவிட இலாபமாக இருக்கும்.

கறித்தூளைக் கட்டாயம் மொத்தமாகச் செய்யுங்கள். செத்தல் மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், நற்சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை வாங்கி வறுத்து மில்லில் திரித்தால், கடையின் 50 கிராம் பக்கற்றோடு ஒப்பிடவே முடியாது. விலையிலும் சரி, மணத்திலும் சரி. பங்குனி, சித்திரை வெயிலில் செய்ய வேண்டும். மாரியில் திரித்த தூள் கட்டிபட்டு மணம் மாறிவிடும். மாரியில் மட்டும் கொஞ்சமாக வாங்குவதே சரி.

பால்மா. 400 கிராம் பெட்டியைக் கரைத்தால் ஏறக்குறைய மூன்று லீற்றர் பால். பெட்டியின் விலையை மூன்றால் பிரித்து, பக்கத்து வீட்டு மாட்டுப்பால் லீற்றர் என்ன விலை என்று கேட்டுப் பாருங்கள். பட்டி மாடு நிற்கும் ஊரில் இருந்துகொண்டு நியூசிலாந்துப் பாலைத் தேத்தண்ணிக்குக் கரைப்பது எனக்கு இன்றுவரை விளங்காத விசயம். பசும்பால் கிடைக்காத இடமென்றால் பிள்ளைகளுக்கு மட்டும் பால் வைத்து, பெரியவர்கள் வெறுந்தேத்தண்ணிக்கு மாறலாம்.

ஆகப் பெரிய தவறு எதைக் குறைப்பது என்பதில்தான் நடக்கிறது. காசு இறுகினால் முதலில் நிற்பது முட்டை, பிறகு மீன். சோறும் சம்பலும் அப்படியே இருக்கும், சோடாவும் சில வீடுகளில் நிற்காது. வயிறு நிரம்பும், ஆனால் வளரும் பிள்ளைக்குப் புரதம் வேண்டும். கடல் மீன் விலையென்றால் இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் என்று குளங்கள் இருக்கின்றன. திலாப்பியாவைக் குறைந்த மீன் என்று முகம் சுளிப்பவர்கள் அதைப் புளி விட்டு இறுக்கமாகக் குழம்பு வைத்துச் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். நெத்தலிக் கருவாடு ஒரு பிடி போதும், ஒரு சட்டி கத்தரிக்காய்க்கு ருசியும் வரும் சத்தும் வரும். கிளினிக்கில் தரும் திரிபோஷ சத்துமாவை வீட்டில் எல்லோருமாகப் பிரித்து உருண்டை பிடித்துச் சாப்பிடாதீர்கள். அது நிறை குறைந்த பிள்ளைக்கும் கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் என்று அளந்து தருவது.

வீட்டுத்தோட்டம் போடுங்கள் என்று சொல்ல வருகிறவர்கள் குரங்கைக் கணக்கில் எடுப்பதில்லை. காய்க்கும் எதையும் அது விடாது. மரவள்ளியைப் பன்றி கிண்டும், நாற்றை மயில் கொத்தும். ஆகவே வேலியும் காவலும் இல்லாத வளவில் மரக்கறித் தோட்டத்துக்கென்று விதைக்கும் குழாய்க்கும் காசைக் கொட்டுவதும் ஒரு தவறுதான். முருங்கை, அகத்தி, கறிவேப்பிலை, கிணற்றடியில் வல்லாரை, வேலியில் பசளி, இவ்வளவும் போதும். குரங்கு முருங்கைக் கிளையை முறித்தாலும் கொஞ்ச நாளில் தளிர்த்துவிடும். கீரைக்கு மட்டும் மாதம் எவ்வளவு போகிறதென்று எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

கடைசியாக, ரவுணுக்குப் போவது. மல்லாவிப் பக்கமிருந்தோ ஒட்டுசுட்டான் பக்கமிருந்தோ கிலோவுக்குப் பத்து ரூபாய் மிச்சம் பிடிக்கக் கிளிநொச்சிக்கு மோட்டார் சைக்கிள் ஓடினால், மிச்சம் பெற்றோல் தாங்கிக்குள் போய்விடும். வங்கி, கிளினிக், கச்சேரி என்று வேறு அலுவல் இருக்கும் நாளோடு சாமான் வாங்குவதையும் வையுங்கள், பட்டியலோடு, சாப்பிட்டுவிட்டுப் போங்கள். பில் கேட்டு வாங்குங்கள். பக்கற்றில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேலோ, கட்டுப்பாட்டு விலைக்கு மேலோ எடுத்தால் நுகர்வோர் அதிகாரசபையின் 1977க்கு அழைக்கலாம். பில் கையில் இருந்தால் முறைப்பாடு நிற்கும்.