நீலகிரி மலை ரயிலில் நீராவிப் பயணம்: எங்கே ஏறுவது, எதைக் கவனிப்பது

நீலகிரி மலை ரயிலில் போய்வந்ததாகச் சொல்பவர்களில் பலர், உதகையிலிருந்து குன்னூர் வரை சென்று திரும்பியவர்களாக இருப்பார்கள். அந்தப் பகுதியும் அழகானதுதான். ஆனால் அங்கே ஓடுவது டீசல் இன்ஜின். நீராவி இன்ஜினும், தண்டவாளங்களின் நடுவே பதித்த பல்சட்டமும் (பற்கள் கொண்ட இரும்புச் சட்டம்) சேர்ந்து வேலை செய்வதைப் பார்க்க வேண்டுமானால், மேட்டுப்பாளையத்தில் ஏறிக் குன்னூர் வரை மலையேறியாக வேண்டும். இறங்கும் வண்டியைவிட ஏறும் வண்டியையே தேர்ந்தெடுங்கள். இன்ஜின் தன் முழு பலத்தையும் காட்டுவது ஏற்றத்தில்தான்.

முதலில் பயணச்சீட்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து காலை 7.10 மணிக்குப் புறப்படும் வண்டியில் பெட்டிகள் சில மட்டுமே இருப்பதால், இடங்கள் விரைவில் தீர்ந்துவிடும். ஐஆர்சிடிசி தளத்தில் 60 நாட்களுக்கு முன் முன்பதிவு தொடங்கும் நாளிலேயே எடுத்துவிடுவது நல்லது. கோடை விடுமுறைக்குத் திட்டமிடுவோர் இதில் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. சென்னையிலிருந்து வருவோருக்கு, இரவில் புறப்படும் நீலகிரி எக்ஸ்பிரஸ் அதிகாலையில் மேட்டுப்பாளையத்தில் கொண்டுவந்து சேர்க்கிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பாதையில் மண்சரிவு ஏற்பட்டுச் சேவை அடிக்கடி ரத்தாகும் என்பதால், அந்த மாதங்களில் வருவோர் மாற்று ஏற்பாட்டோடு வர வேண்டும்.

எந்தப் பெட்டியில் உட்காருவது என்பது அடுத்த கேள்வி. இந்த வண்டியை இன்ஜின் முன்னால் நின்று இழுப்பதில்லை. பின்னால் நின்று மேல்நோக்கித் தள்ளுகிறது. ஆகவே முன்பெட்டியில் இருப்பவருக்குப் பாதை மறைவின்றித் தெரியும். கடைசிப் பெட்டியில் இருப்பவருக்கு இன்ஜினின் மூச்சு காதருகே கேட்கும். காட்சியை விரும்புவோர் முன்னால் அமரட்டும். என்னைக் கேட்டால் கடைசிப் பெட்டியைத்தான் சொல்வேன்.

முதல் 7 கிலோமீட்டர் சமதளம். பாக்குத் தோப்புகளின் ஊடே வண்டி சாதாரண ரயிலைப் போலவே ஓடும். கல்லார் தாண்டியதும் கவனமாக இருங்கள். பல்சட்டம் தொடங்கும் இடத்தில் வண்டி ஊர்ந்து செல்லும். இன்ஜினின் அடியிலுள்ள பற்சக்கரம் சட்டத்தின் பற்களில் பொருந்த வேண்டும் அல்லவா? ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளர் வகுத்த இம்முறையில், இரண்டு பல்சட்டங்கள் அருகருகே பதிக்கப்பட்டிருக்கும். ஒன்றின் பல்லுக்கு நேராக மற்றதன் பள்ளம் வரும்படி அவை அமைந்திருப்பதால், பற்சக்கரத்தின் பிடி ஒருபோதும் விடுவதில்லை. ஏறத்தாழ 12 அடிக்கு ஓரடி உயரும் சரிவில் வெறும் இரும்புச் சக்கரம் வழுக்கிவிடும் என்பதாலேயே இத்தனை ஏற்பாடு.

இந்த 'எக்ஸ்' வகை இன்ஜினுக்கு நான்கு சிலிண்டர்கள். இரண்டு, சாதாரணச் சக்கரங்களை ஓட்டுகின்றன. அவற்றில் வேலை செய்து வெளிவரும் நீராவியே மற்ற இரண்டிற்குள் சென்று பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. சமதளத்தில் ஒரே தாளமாகக் கேட்ட ஓசை, மலையில் இரண்டு தாளங்களாகப் பிரிந்து ஒலிப்பதைக் காது கொடுத்துக் கேளுங்கள். தொடக்கத்தில் இந்த வகை இன்ஜின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் செய்யப்பட்டன. பின்னாளில் திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே புதியவை உருவாயின. நம் தொழிலாளர் கைகளில் இந்த இன்ஜின் மறுபடி பிறந்தது எனக்குப் பெருமிதம் தரும் செய்தி.

ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் பிரேக்மேன் ஒருவர் நின்றிருப்பார். பின்னால் இருக்கும் ஓட்டுநருக்கு முன்னேயுள்ள பாதை தெரியாது என்பதால், பெட்டிக்குப் பெட்டி கொடி காட்டி அவரிடம் செய்தி சேர்ப்பவர்கள் இவர்கள்தான்.

இன்ஜின் தண்ணீர் பிடிக்க நிற்கும் ஹில்குரோவ் போன்ற நிலையங்களில் இறங்கிப் பார்க்கலாம். தொட்டியிலிருந்து நீர் விழுவதும், சூடான உலோகத்தின் மேல் சிதறும் துளிகள் சுருண்டு ஆவியாவதும் அருகில் நின்று பார்க்க வேண்டியவை. கையில் தின்பண்டம் வேண்டாம், குரங்குகள் பறித்துக்கொள்ளும். விசில் கேட்டவுடன் ஏறிவிடுங்கள்.

1899-இல் பாதை குன்னூர் வரைதான் திறக்கப்பட்டது. உதகையை எட்டியது 1908-இல். மொத்தம் 46 கிலோமீட்டர், 16 சுரங்கங்கள், 208 வளைவுகள். 2005-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

பயணச்சீட்டு கிடைக்காதவர்கள் மனம் தளர வேண்டாம். காலை பத்தரை மணி வாக்கில் குன்னூர் நிலைய நடைமேடையில் நின்றால், மலையேறி வந்த நீராவி இன்ஜின் கழற்றப்பட்டு டீசல் இன்ஜின் மாட்டப்படுவதைக் காணலாம். பிறகு குன்னூர்–உதகை வண்டி ஒன்றில் இடம் பிடித்து, வெலிங்டன், கேத்தி, லவ்டேல் வழியாக மேலே போகலாம்.