பற்றின்மை என்ற பெயரில் நடக்கும் பிழைகள்

கடன் வாங்கியவர் "பணம் வெறும் மாயை" என்கிறார். கொடுத்தவருக்கு மட்டும் ஏனோ அது மாயையாகத் தெரிவதில்லை. பற்றின்மையை நன்றாகப் பேசுபவர்கள் பலர். அதைச் சாக்காக்கிக்கொள்பவர்கள் அதைவிடப் பலர்.

இதில் பெரிய பிழை, கடமையிலிருந்து நழுவுவதைத் துறவு என்று எண்ணிக்கொள்வது. கீதையின் 18-ஆம் அத்தியாயம் தியாகத்தை, அறியாமை மிகுந்த தாமசம், ஆசை மிகுந்த ராஜசம், தெளிவு மிகுந்த சாத்துவிகம் என்று குணத்தின்படி மூன்றாகப் பிரிக்கிறது. செய்தாக வேண்டிய கடமையை மயக்கத்தால் விடுவது தாமசம். உடம்பு நோகுமே என்று அஞ்சி விடுவது ராஜசம். அப்படி விட்டவனுக்குத் தியாகத்தின் பலன் கிடையாது என்று கறாராகவே சொல்லிவிடுகிறான் கண்ணன். கடமையைச் செய்துகொண்டே பற்றையும் பலனையும் விடுவதுதான் சாத்துவிகம். ஆக, வேலையைப் போட்டுவிட்டுப் போனவனுக்கு எங்குமே பாராட்டில்லை.

மகாபாரதத்தின் வனபருவத்தில் கௌசிகன் என்ற அந்தணன் வருகிறான். வயதான பெற்றோரின் அனுமதியைக்கூடக் கேளாமல் வேதம் ஓத வீட்டை விட்டு வந்தவன். மரத்தடியில் இருந்த அவன்மேல் கொக்கு எச்சமிட, அவன் சினந்து பார்த்ததும் அது செத்து விழுகிறது. பிறகு பிச்சைக்குப் போன இடத்தில், கணவனுக்கு உணவு பரிமாறிவிட்டுத் தாமதமாக வந்த பெண்ணிடமும் அதே கோபம். "நான் கொக்கல்ல" என்கிறாள் அவள். தமிழில் 'கொக்கென்று நினைத்தாயோ கொங்கணவா' என்று வழங்குவதும் இதே சாயலுள்ள கதைதான். அவள் அவனை மிதிலைக்கு அனுப்புகிறாள், இறைச்சி விற்கும் தர்மவியாதனிடம். அவன் தன் தாய் தந்தையைக் காட்டி, "இவர்களே என் தெய்வம்" என்கிறான். உன் பெற்றோர் உன்னைப் பிரிந்த துயரத்தில் கண்ணிழந்து கிடக்கிறார்கள், திரும்பிப் போ என்கிறான். தவம் செய்தவனுக்குக் கறிக்கடைக்காரன் அறம் சொல்வதாக அமைத்த துணிச்சலை எத்தனை முறை மெச்சினாலும் தகும்.

அடுத்தது, நெஞ்சு வறண்டு போவதைப் பக்குவம் என்று நினைப்பது. வீட்டில் ஒருவர் அழுதுகொண்டிருக்க, "எல்லாம் கர்மவினை" என்று சொல்லிவிட்டுத் தியானத்தில் அமர்பவரைப் பார்த்திருப்பீர்கள். கீதையின் 12-ஆம் அத்தியாயத்தில், 'எனது' என்பதும் 'நான்' என்பதும் அற்றவனைச் சொல்லும் அதே சுலோகத்தில்தான், எவ்வுயிரையும் பகையாதவன், நட்பும் கருணையும் உடையவன் என்பதும் வருகிறது. யோக சூத்திரம் இயற்றிய பதஞ்சலியும் இன்புறுவோரிடம் நட்பு, துன்புறுவோரிடம் கருணை, நல்லோரைக் கண்டு மகிழ்ச்சி, தீயோரிடம் பொருட்படுத்தாமை என்று நான்கு மனப்பாங்குகளைச் சொல்கிறார். நம்மவர்கள் நான்காவதை மட்டும் எடுத்துக்கொண்டு, அதை எல்லாருக்கும் பொதுவாக்கி விடுகிறார்கள்.

பலனில் பற்றில்லை என்பதால் வேலை எப்படி இருந்தாலும் சரி என்று ஆகிவிடாது. சாத்துவிகமாகச் செயல்படுபவனுக்குப் பற்றின்மையோடு உறுதியும் ஊக்கமும் வேண்டும் என்கிறது கீதை. வெற்றியிலும் தோல்வியிலும் கலங்காமை அதற்குப் பிறகுதான் வருகிறது. விடைத்தாள் திருத்தும் ஆசிரியர் ஒவ்வொரு வரியையும் படித்து, கூட்டலை மறுபடி சரிபார்க்கிறார். மாணவர் நன்றி சொல்வாரா, நிர்வாகம் கவனிக்குமா என்ற கணக்கை மட்டும் போடுவதில்லை. கூட்டலிலேயே அசட்டையாக இருப்பவரிடம் இருப்பது சோம்பல்.

"செய்பவன் நானல்ல" என்று சொல்லித் தவறுக்குப் பொறுப்பேற்காமல் இருப்பது இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது. யோகத்தின் எட்டு அங்கங்களில் ஆசனத்துக்கும் தியானத்துக்கும் முன்னால் நிற்பது யமம்: கொல்லாமை, வாய்மை, திருடாமை, பிரம்மசரியம், தேவைக்கு மேல் பொருள் சேர்க்காமை. பிறப்பு, இடம், காலம், சூழ்நிலை எதையும் காட்டி விலக்குக் கேட்க முடியாத மகாவிரதம் என்று இவற்றைச் சொல்கிறார் பதஞ்சலி. பொய்க் கணக்கு எழுதிவிட்டு ஆன்மா அகர்த்தா, அது எதையும் செய்வதில்லை என்று வேதாந்தம் பேச இங்கே இடமில்லை.

கையைக் கட்டிக்கொண்டு மனத்தால் போகங்களை அசைபோடுபவனைக் கீதை பொய்யொழுக்கம் உடையவன் என்கிறது. அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

கடைசியாக, மயான வைராக்கியம், அதாவது சாவைக் கண்டதும் எழும் திடீர்ப் பற்றின்மை. சாவு வீட்டிலிருந்து திரும்பிய சூட்டில் வேலையை விடுவதும் சொத்தை எழுதிக்கொடுப்பதும் வேண்டாம். மனம் காற்றைப்போல் அடங்காதது என்று அர்ஜுனன் முறையிட்டபோது, அது பயிற்சியாலும் வைராக்கியத்தாலும் வசப்படும் என்றான் கண்ணன். பதஞ்சலியும் அந்த இரண்டையும் சேர்த்தேதான் சொல்கிறார். பயிற்சி இல்லாத வைராக்கியம் பெரும்பாலும் காரியம் முடிவதற்குள் வடிந்துவிடுகிறது. எழுதிக்கொடுத்த பத்திரம் மட்டும் அப்படியே இருக்கும்.