பழைய மோட்டார் சைக்கிளுக்குக் குறைந்த விலையில் பக்கப்பை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இருபது, முப்பது ஆண்டுகளைக் கடந்தும் ஓடிக்கொண்டிருக்கும் புல்லட் 350, யமஹா ஆர்எக்ஸ் 100, தொடக்கக் கால ஸ்பிளெண்டர் போன்ற வண்டிகளுக்கு, பின்சக்கரத்தின் இரு பக்கங்களிலும் தொங்கும் பக்கப்பை தேடுபவர்களில் பலர், பையின் விலையையும் கொள்ளளவையும் பார்த்து முடிவெடுத்த பிறகுதான் தங்கள் வண்டியின் பின்பகுதியைக் குனிந்து பார்க்கிறார்கள். இந்த வரிசை மாறியதிலிருந்தே மற்ற தவறுகள் பெரும்பாலும் பிறக்கின்றன என்பது என் கருத்து. கடைகளில் இன்று கிடைக்கும் பைகளில் பெரும்பாலானவை, பின்னால் அமர்பவருக்கான கைப்பிடிக் கம்பியும் நீளமான இருக்கையும் வலுவான பின்சட்டமும் கொண்ட புதிய வண்டிகளை மனத்தில் வைத்துத் தைக்கப்பட்டவை. அவற்றைப் பழைய வண்டியில் மாட்டும்போது, இருக்கைக்கு மேலே எல்லாம் சரியாகப் பொருந்திவிட்டதாகத் தோன்றும். ஆனால் இருக்கைக்குக் கீழே, சக்கரத்துக்கும் சைலன்சருக்கும் ஷாக் அப்சார்பருக்கும் நடுவில் பை எங்கே போய் ஒதுங்குகிறது என்பதுதான் பயணத்தைத் தீர்மானிக்கிறது.

ஆகவே வாங்குவதற்கு முன் அளவெடுக்க வேண்டியது வண்டியைத்தான். பழைய வண்டிகளின் இரண்டு பக்கங்களும் ஒன்றுபோல் இருப்பதில்லை. யூனிட் கன்ஸ்ட்ரக்‌ஷன் எஞ்சின் (எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே உறைக்குள் இருப்பது) வருவதற்கு முந்தைய புல்லட்டை எடுத்துக்கொண்டால், இடப்பக்கத்தில் செயினும் அதற்கு வெளியே சாரி கார்டும் இருக்கும். வலப்பக்கத்தில் நீண்ட சைலன்சர் இருக்கும், சக்கரத்தை மறைக்கும் தடுப்பு எதுவும் இருக்காது. இடப்பக்கப் பை சாரி கார்டின் மீது சாய்ந்து அமைதியாக இருக்கும்போது, வலப்பக்கப் பை தாங்குவதற்கு ஒன்றும் இல்லாமல் ஷாக் அப்சார்பரின் பின்புறமாக உள்வாங்கி, ஸ்போக்கை நோக்கிச் சாய்கிறது. மேட்டிலும் பள்ளத்திலும் சக்கரம் மேலெழும்போது பையின் கீழ்மூலை டயரில் உரசித் தேய்வதும், தொங்கிய வார் ஒன்று ஸ்போக்கில் சுற்றிக்கொண்டு சக்கரம் நின்றுவிடுவதும் இப்படித்தான் நேர்கின்றன. பை காலியாக இருக்கும்போது இந்த ஆபத்து குறையும் என்று எண்ணுவதும் தவறு. உள்ளே விறைப்பான அட்டையோ பலகையோ இல்லாத மலிவான பை, பொருள் இல்லாதபோதுதான் மிகவும் தொய்ந்து சக்கரத்தின் பக்கம் மடிகிறது.

பை பொருந்த இடம் வேண்டும் என்பதற்காகச் சாரி கார்டைக் கழற்றி வைத்துவிடுபவர்களும் உண்டு. பின்னிருக்கையில் அமர்பவரின் உடை சக்கரத்தில் சிக்காமல் தடுக்க, பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாத பகுதியை மறைக்கும் பாதுகாப்பு அமைப்பு இருக்க வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதி கூறுகிறது. சட்டத்தை ஒருபுறம் வைத்துவிட்டுப் பார்த்தாலும், பையைச் சக்கரத்திலிருந்து தள்ளி நிறுத்தும் ஒரே இரும்பை நாமே அகற்றிவிடுவது விவேகமாகாது.

இங்கிருந்து அடுத்த தவறுக்கு வருகிறோம். பையின் விலையை மட்டும் செலவாகக் கணக்கிட்டு, அதைத் தாங்கும் இரும்புக் கம்பிச் சட்டமான சேடில் ஸ்டேயைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது அது. விலை உயர்ந்த பை வாங்கி ஸ்டே இல்லாமல் தொங்கவிடுவதைவிட, எளிய கித்தான் பையை நல்ல ஸ்டேயின் மீது கட்டுவது மேல் என்று உறுதியாகச் சொல்வேன். புல்லட்டுக்கு ஆயத்தமாகவே ஸ்டேக்கள் கிடைக்கின்றன. ஆர்எக்ஸ் 100 போன்றவற்றுக்குக் கிடைக்காவிட்டால், ஊரிலுள்ள வெல்டிங் பட்டறையில் இரும்புக் கம்பியை வளைத்துச் செய்துகொள்ளலாம். ஆனால் பட்டறைக்காரரிடம் வண்டியைக் கொடுத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விடக் கூடாது. ஸ்டேயை வண்டியின் சட்டத்தோடு நேரடியாகப் பற்றவைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பல ஆண்டுகள் துருவையும் அதிர்வையும் தாங்கிய குழாயில் புதிதாகச் சூடேற்றினால், பற்றவைத்த இடத்தின் ஓரத்தில் நாளடைவில் விரிசல் விடக்கூடும். ஏற்கெனவே உள்ள போல்ட்டு இடங்களில் பிடிக்கும்படி செய்வதே நல்லது. அப்போதும் மட்கார்டை மட்டும் நம்பிப் பிடிக்கக் கூடாது. தகடு அந்த எடையைத் தாங்காது. ஷாக் அப்சார்பரின் மேல் போல்ட்டோடு சேர்த்துப் பிடிப்பதாக இருந்தால், ஸ்டேயின் தடிமன் கூடுவதால் பழைய போல்ட்டின் மரை நட்டுக்குள் முழுமையாக ஏறுகிறதா என்று பார்த்து, ஏறாவிட்டால் அதே தரத்தில் சற்று நீளமான போல்ட்டைப் போட வேண்டும். கையில் அகப்பட்ட ஏதோ ஒரு போல்ட்டை அங்கே முடுக்குவது, பின்சக்கரத்தின் பொறுப்பையே அதன் மீது வைப்பதாகும்.

வெப்பத்தைப் பற்றிய கவனக்குறைவு மலிவான பைகளை அழிப்பதில் முதலிடம் வகிக்கிறது. சைலன்சருக்கும் பைக்கும் இடையே ஒரு விரல் நுழைந்தால் போதும் என்று கண்ணளவில் முடிவு செய்கிறார்கள்; பொருள்களை நிரப்பி, பின்னால் ஒருவர் அமர்ந்த பிறகு அந்த இடைவெளி இருக்காது. அதிலும் கவனிக்கத் தக்கது, பையின் துணி தாங்கினாலும் வார் தாங்காமல் போகலாம் என்பது. நைலானும் பாலியெஸ்டரும் உருகுவதற்குச் சுமார் 220 டிகிரி செல்சியஸிலிருந்து 260 டிகிரி வரை வெப்பம் தேவை. மலிவான பைகளில் அடிக்கடி காணப்படும் பாலிப்ரோப்பிலீன் வாரோ 165 டிகிரி அளவிலேயே உருகிவிடும். வெயிலில் கிடந்தால் விரைவாக வலுவிழப்பதும் அதுதான். தொட்டால் சற்று மெழுகு போன்ற வழவழப்பும், எடையில்லாத தன்மையும் அந்த வாரை அடையாளம் காட்டும். ஒரு சிறு துண்டு கிடைத்தால் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், பாலிப்ரோப்பிலீன் மிதக்கும், நைலான் மூழ்கும். இத்தகைய வார் உள்ள பையை ஒதுக்கிவிட வேண்டிய அவசியமில்லை, வாரை மட்டும் நைலானாக மாற்றித் தைத்துக்கொள்ளலாம். செலவு மிகக் குறைவு. சைலன்சர் பக்கத்தில் தகட்டாலான வெப்பத் தடுப்பு ஒன்றை, தகட்டுக்கும் சைலன்சருக்கும் நடுவே காற்று ஓட இடம் விட்டுப் பொருத்த வேண்டும். கம்பெனி சைலன்சரைக் கழற்றிவிட்டு மேல்நோக்கித் தூக்கிய வேறு சைலன்சர் போட்டிருப்பவர்கள், வேறு எதையும் பார்ப்பதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும். ஆர்எக்ஸ் 100 போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் புகையோடு வரும் எண்ணெய்ப் பிசுக்கு வலப்பக்கப் பையின் பின்கீழ்ப் பகுதியில் படியும் என்பதால், அங்கே துடைத்தால் போகும் ரெக்சினோ தார்ப்பாயோ இருப்பது நல்லது.

துணியின் தரத்தை ஒற்றை எண்ணை வைத்து மதிப்பிடுவது இன்னொரு பிழை. 600 டெனியர், 1000 டெனியர் என்று எழுதியிருப்பது நூலின் பருமனைக் குறிப்பது மட்டுமே. 9,000 மீட்டர் நீள நூலின் எடை எத்தனை கிராமோ அத்தனை டெனியர். அந்த நூலை எவ்வளவு நெருக்கமாக நெய்தார்கள், உள்ளே என்ன பூச்சு கொடுத்தார்கள், எந்த நூலால் தைத்தார்கள் என்பதையெல்லாம் அந்த எண் சொல்லாது. பைகள் கிழிவது பெரும்பாலும் துணியின் நடுவில் நடப்பதில்லை, வார் சேரும் இடத்தில் நடக்கிறது. ஆகவே கடையில் பையைத் திருப்பி, வாரின் அடிப்பகுதி துணியின் உட்புறத்தில் மற்றொரு அடுக்கோடு சேர்த்துச் சதுரமும் அதன் நடுவே பெருக்கல் குறியுமாகத் தைக்கப்பட்டிருக்கிறதா, அல்லது விளிம்பில் ஒற்றை ஓட்டத்தோடு விடப்பட்டிருக்கிறதா என்று பார்த்தாலே அந்தப் பையின் ஆயுளைப் பற்றி ஓரளவு தெரிந்துவிடும். தோல் போலத் தோற்றமளிக்கும் செயற்கைத் தோல் பைகள் பழைய புல்லட்டுக்கு மிக அழகாகப் பொருந்துகின்றன என்பதை மறுக்க முடியாது. ஆயினும் பாலியூரித்தேன் பூச்சு ஈரப்பதத்தால் சிதையும் இயல்புடையது. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் அது செதில் செதிலாக உரிவதைத் தவிர்ப்பது கடினம். பழைய பை ஒன்றை மலிவாக வாங்கும்போதும் இதே சிக்கல் உள்ளிருந்து வரும்: உட்பூச்சு கையில் பிசுபிசுவென ஒட்டினால், அந்தப் பை வெளியே எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் மழைக்கு உதவாது.

குறைந்த செலவில் வாங்க நினைப்பவர்கள், வண்டி இருக்கைகளுக்கு உறை தைக்கும் ரெக்சின் கடைகளை மறந்துவிடுகிறார்கள் என்பது எனக்கு வருத்தமளிக்கிறது. அநேகமாக எல்லா ஊர்களிலும் இருக்கும் அந்தக் கடைகளில், வண்டியையே கொண்டுபோய் நிறுத்தி, ஸ்டேயின் அளவுக்கு ஏற்ப இரண்டு பக்கங்களுக்கும் வெவ்வேறு ஆழத்தில் பை தைத்துக்கொள்ள முடியும். இந்த வசதியை எந்தப் பெரிய பிராண்டும் தருவதில்லை. சைலன்சர் உள்ள பக்கத்தில் பையை உயரம் குறைத்தும், மறுபக்கத்தில் சற்று ஆழமாகவும் தைத்தால் இடமும் வீணாகாது. லாரி தார்ப்பாயோ தடித்த கித்தானோ போதுமானது. தையலுக்குப் பருத்தி நூல் வேண்டாம், நைலான் நூலால் இரட்டைத் தையல் போடுங்கள் என்றும், அடிப்பாகத்தில் இரண்டு அடுக்கு வையுங்கள் என்றும் தெளிவாகக் கேட்க வேண்டும். கித்தான் நனைந்தால் நீரை உறிஞ்சிக் கனக்கும் என்பதையும், காய ஒரு நாளுக்கு மேல் ஆகலாம் என்பதையும் ஏற்றுக்கொண்டுதான் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பெரிய பை வாங்கினால் நல்லது, தேவைப்பட்டால் நிரப்பலாம் என்ற எண்ணம் இயல்பானதுதான். ஆனால் பை பெரிதாக இருந்தால் அது நிரம்பியே தீரும். ஒரு பக்கத்துக்கு 15 லிட்டர் அளவு கொண்ட பை, ஒருவரின் சில நாள் உடைகளுக்கும் கருவிகளுக்கும் போதும். ஆர்எக்ஸ் 100இன் மொத்த எடையே சுமார் 100 கிலோதான் என்னும்போது, பின்னால் 20 கிலோ கூடுவது அந்த வண்டியின் போக்கை வெகுவாக மாற்றிவிடும். எடை பின்சக்கர அச்சுக்குப் பின்னால் போகப்போக முன்சக்கரம் இலேசாகி, கைப்பிடி ஆடத் தொடங்கும். அதனால் ஸ்பேனர்கள், ஸ்பேர் டியூப், கேபிள், தண்ணீர் முதலிய கனமான பொருள்கள் பையின் அடியிலும் முன்புறத்திலும் இருக்க வேண்டும். இரு பக்கங்களின் எடையும் ஏறத்தாழ சமமாக இருக்க வேண்டும், அதற்கு வீட்டிலுள்ள தராசே போதும். ஷாக் அப்சார்பரில் எண்ணெய்க் கசிவோ, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் புஷ்ஷில் ஆட்டமோ, தளர்ந்த ஸ்போக்கோ இருக்கும் வண்டியில் பையை மாட்டுவதற்கு முன் அவற்றைச் சரிசெய்வதற்கே பணம் செலவிட வேண்டும். டிரம் பிரேக் வண்டி சுமையோடு நிற்க அதிக தூரம் எடுக்கும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

மழை உறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வேகத்தில் காற்று புகுந்து உப்பும் உறை, தளர்ந்து சைலன்சரில் ஒட்டிக்கொள்ளும். வெளியே போர்த்துவதைவிட உள்ளே தடித்த பாலித்தீன் உறையில் பொருள்களைச் சுருட்டி வைப்பது மலிவும் நம்பகமும் ஆகும்.

புதிய வண்டிக்காரர்கள் யோசிக்கத் தேவையில்லாத ஒன்றைப் பழைய வண்டிக்காரர் கட்டாயம் யோசிக்க வேண்டும்: வழியில் வண்டியைத் திறக்க வேண்டி வரும். பழைய புல்லட்டின் டூல் பாக்ஸ்கள் இருக்கைக்குக் கீழே பக்கவாட்டில் இருக்கின்றன. முன்னால் தள்ளிக் கட்டிய பை அவற்றை முழுவதும் மறைத்துவிடும். பியூஸ் போனாலும் பஞ்சரானாலும், பையை முழுமையாக அவிழ்க்காமல் எதையும் தொட முடியாத நிலையில் இருட்டில் நெடுஞ்சாலை ஓரம் நிற்பது மிகுந்த சிரமம். எனவே ஏழெட்டு முடிச்சுகள் போட்டுக் கட்டும் பையைவிட, இரண்டு பக்கிள்களில் கழன்று வரும் பையைத் தேர்ந்தெடுங்கள். வலப்பக்கக் கிக்கர் முழுவதும் கீழிறங்கித் திரும்பும் பாதையில் பையின் முன்மூலையோ வாரோ குறுக்கிடக் கூடாது. வார்களின் மிச்ச நுனிகளை மடித்துக் கட்ட வேண்டும். இடப்பக்கத்தில் அவை செயினையும், பழைய புல்லட்டில் பிரேக் ராடையும் தேடிப் போகும். பின் இண்டிகேட்டர்கள், டெயில் லைட், நம்பர் பிளேட் ஆகியவை பையால் மறையாமல் இருக்கின்றனவா என்று பின்னால் பத்தடி தள்ளி நின்று பார்க்க வேண்டும்.

கையால் தங்கக்கோடு வரைந்த பழைய பெயிண்ட்டைக் காப்பாற்ற விரும்புபவர்கள், வாருக்கும் வண்டிக்கும் இடையே புகும் மணல்தான் உண்மையான எதிரி என்று அறிய வேண்டும். மென்மையான துணியை அடியில் வைப்பதால் பயன் குறைவு, அது மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வார் படும் இடங்களில் ஒளி ஊடுருவும் ஒட்டு பிளாஸ்டிக் தாளை ஒட்டி, அவ்வப்போது கழற்றித் துடைப்பதே சரியான வழி.

பை வந்தவுடன் நேரே நெடும்பயணம் கிளம்புவதும் தவறுதான். திருப்பித் தரும் கால அவகாசம் முடிவதற்குள், எடுத்துச்செல்லப்போகும் எடைக்கு நிகராக அரிசியோ மணலோ நிரப்பி, டபுள் ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். பிறகு ஸ்டாண்டை எடுத்துவிட்டு, இருவர் அமர்ந்து வண்டியை அழுத்தும்போது மூன்றாமவர் ஒருவர் பின்னால் குனிந்து, டயருக்கும் பைக்கும், சைலன்சருக்கும் பைக்கும் உள்ள இடைவெளியைப் பார்க்க வேண்டும். அதன் பின் வேகத்தடைகள் நிறைந்த சாலையில் பத்துக் கிலோமீட்டர் ஓட்டி வந்து, தளர்ந்த வார்களை மறுபடி இறுக்கி, பையின் உட்புறத்தையும் சைலன்சரை ஒட்டிய பக்கத்தையும் கையால் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு இருந்தால் ஸ்டேயை இன்னும் ஓரிரு அங்குலம் வெளியே தள்ள வேண்டும். அதற்கும் இடமில்லை என்றால் அந்தப் பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உயரம் குறைந்த ஒன்றை வாங்குங்கள்.