காம்பேக்ட் எஸ்யூவியா, கிராஸ்ஓவரா? ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூரிலும் புதுச்சேரியிலும் ஷோரூமுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்விகளோடு போகிறார்கள். சன்ரூஃப் உண்டா? திரை எத்தனை அங்குலம்? மைலேஜ் எவ்வளவு? கேட்டால் கிடைக்கும் பதிலெல்லாம் காலி வண்டியின் கணக்கு. நீங்கள் ஓட்டப்போவதோ ஐந்து பேர், டிக்கி நிறையப் பைகள், சீசனில் இரண்டு பண்ருட்டிப் பலாப்பழம் ஏற்றிய வண்டியை.

உயரமாக நிற்பதெல்லாம் எஸ்யூவி என்று எண்ணிவிடுகிறோம். மாருதி ஃபிராங்ஸ் பலேனோவின் அடித்தளத்திலும், டாடா பஞ்ச் அல்ட்ரோஸின் அடித்தளத்திலும் உருவானவை. இரண்டும் ஹேட்ச்பேக் எனப்படும் சிறிய கார்களை உயர்த்தியவைதான்; கிராஸ்ஓவர் என்பது இந்த வகை. காம்பேக்ட் எஸ்யூவிகளான மாருதி பிரெஸ்ஸா, டாடா நெக்ஸான் வண்டிகளிலும் இன்ஜின் முன்சக்கரங்களை மட்டுமே சுழற்றுகிறது. தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் முன்சக்கரம் புதைந்தால் எஸ்யூவி என்ற பெயர் வந்து இழுத்துவிடாது.

கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது தரைக்கும் வண்டியின் அடிக்கும் உள்ள இடைவெளி எண்ணை மட்டும் வைத்து முடிவெடுப்பது அடுத்த தவறு. ஃபிராங்ஸ் 190 மி.மீ., பிரெஸ்ஸா 198, நெக்ஸான் 208. பொதுவாக இவை ஆள் ஏறாத வண்டிக்கு அளந்தவை. ஆளும் சுமையும் ஏறியதும் பின்பக்க ஸ்பிரிங் அமுங்கும். எந்த வண்டி எவ்வளவு அமுங்குகிறது என்பது கையேட்டில் வராது, நீங்களேதான் அளக்க வேண்டும். டெஸ்ட் டிரைவுக்கு ஒரு டேப் எடுத்துப் போங்கள். சமதரையில் நிறுத்தி, பின்சக்கரத்துக்கு மேலுள்ள வளைவின் விளிம்பிலிருந்து தரைவரை அளங்கள். பின்சீட்டில் மூன்று பேரை உட்காரவைத்து மறுபடி அளங்கள். இரண்டு வண்டிகளின் வித்தியாசம் அங்கே தெரியும். முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரமான வீல்பேஸையும் சேர்த்துப் பாருங்கள். மஹிந்திரா எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓவில் 2,600 மி.மீ., நெக்ஸானில் 2,498. நீளமான வீல்பேஸ் உட்புற இடத்துக்கு நல்லது. ஆனால் மற்றதெல்லாம் சமமாக இருந்தால், செங்குத்தான ஸ்பீடு பிரேக்கரில் நடுவயிறு முதலில் உரசுவது அந்த வண்டிக்குத்தான்.

டாப் மாடலின் பெரிய அலாய் வீல் அழகுதான். 16 அங்குல வீலுக்கான 215/60 ஆர்16 டயரில் பக்கச்சுவர் 129 மி.மீ. உயரம், 17 அங்குலத்துக்கான 215/55 ஆர்17 டயரில் சுமார் 118. குறைந்த அந்த ஒரு சென்டிமீட்டரும் குழியின் அடியைத் தாங்கும் ரப்பர்தான். டிக்கிக்குள் இருக்கும் ஸ்டெப்னி அதே அளவா என்றும் கேளுங்கள். சிறியதாக இருந்தால் பெரும்பாலும் 80 கி.மீ. வேகத்தைத் தாண்டக்கூடாது.

நம் பக்கம் அதிகம் கவனிக்க வேண்டியது தண்ணீர். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அடுத்த நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் கடலூரைச் சூழ்ந்தது. வண்டியின் அடி 20 செ.மீ. உயரத்தில் இருப்பதற்கும், அது எவ்வளவு தண்ணீரில் போகலாம் என்பதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. இன்ஜின் காற்றை இழுக்கும் குழாயின் வாய் எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். பானெட்டைத் திறந்து அதைக் காட்டச் சொல்லுங்கள். அந்த வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போனால் பிஸ்டனால் அதை அழுத்த முடியாது, பிஸ்டனைப் பிடித்திருக்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். நின்றுபோன வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்து பார்ப்பது சேதத்தை இன்னும் பெரிதாக்கும். சாதாரண இன்ஷூரன்ஸில் இத்தகைய இன்ஜின் சேதத்துக்குப் பெரும்பாலும் பணம் கிடைக்காது. இன்ஜின் புரொடெக்ட் கவரைத் தனியாகச் சேர்க்க வேண்டும். சன்ரூஃபுக்குக் கொடுக்கும் பணத்தில் சிறு பங்கை இதற்கு ஒதுக்குவது புத்திசாலித்தனம்.

தினமும் ஊருக்குள் நான்கைந்து கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டிக்கு டீசல் வேண்டாம். பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிக்கு உட்பட்ட டீசலின் புகைவடிகட்டியில் சேரும் கரி எரிய, வண்டி கொஞ்ச நேரம் தொடர்ந்து சீரான வேகத்தில் ஓட வேண்டும். ஆட்டோமேட்டிக் என்றால் எந்த வகை என்று கேளுங்கள். சனி, ஞாயிறில் புதுச்சேரி இந்திரா காந்தி சிலை சந்திப்பில் ஊர்ந்து போகும்போது இரட்டைக் கிளட்ச் உள்ள டிசிடி கியர்பாக்ஸின் கிளட்ச் சூடேறக்கூடும்; சாதாரண கியர்பாக்ஸைத் தானே மாற்றவைக்கும் ஏஎம்டி குலுக்கும். இந்த நெரிசலுக்கு, படிப்படியாக கியர் மாறாத சிவிடியோ, எண்ணெய் வழியாகச் சக்தியைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரோ சுகம். டெஸ்ட் டிரைவைக் காலியான பைபாஸில் முடித்துவிடாமல், அரியாங்குப்பம் – முருங்கப்பாக்கம் நெரிசலில் மாலை நேரத்தில் கேளுங்கள்.

நட்சத்திரம் எண்ணுவதிலும் ஒரு பிசகு உண்டு. வண்டிகளை மோதவிட்டுப் பாதுகாப்புக்கு நட்சத்திரம் தரும் பாரத் என்கேப்பின் முன்மோதல் சோதனை மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் நடக்கிறது. ஏறக்குறைய தன் எடையுள்ள வண்டியோடு மோதுவதைப் போன்றது அது. எனவே சிறிய கிராஸ்ஓவரின் 5 நட்சத்திரமும் கனமான வண்டியின் 5 நட்சத்திரமும் ஒன்றல்ல. பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் மதிப்பெண் தனித்தனி, இரண்டையும் பாருங்கள்.

கடைசியில் விலை. 2025 செப்டம்பர் 22 முதல், 4 மீட்டர் நீளத்துக்குள் 1,200 சிசி வரையான பெட்ரோல் வண்டிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். பிரெஸ்ஸா 4 மீட்டருக்குள் அடங்கினாலும் அதன் 1.5 லிட்டர் இன்ஜினால் 40 சதவீதத்தில் விழுகிறது. தமிழ்நாட்டு வாழ்நாள் வரி 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டி 20 லட்சம் வரை 18. 9.90 லட்ச வண்டிக்கு வரி 1,28,700 ரூபாய். 10.10 லட்சத்துக்கு 1,81,800. விலையில் 20,000 ரூபாய் வித்தியாசம், வரியில் 53,100! எனவே எக்ஸ்-ஷோரூம் விலையை ஒப்பிடாதீர்கள், வரி, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்ந்த ஆன்-ரோடு விலையை எழுத்தில் வாங்குங்கள்.

இந்த வரியை மிச்சப்படுத்த, கடலூரில் குடியிருந்துகொண்டே உறவினர் முகவரியில் புதுச்சேரிப் பதிவு போடலாம் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். வண்டியை வழக்கமாக எங்கே வைத்திருக்கிறீர்களோ அங்கே பதிவு செய்ய வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். வேறு மாநிலப் பதிவு வண்டியை 12 மாதத்துக்கு மேல் தமிழ்நாட்டில் வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும், அப்போது தமிழ்நாட்டு வரியையும் கட்டியாக வேண்டும்.